தாவரச் சாறும் வாய்க்கிருமிகளும்: சோதனை தடுமாறும்போது அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் வைத்த சோதனையில் இந்த நான்கு கன்ட்ரோல்களும், அதாவது ஒப்பீட்டுக்காக வைப்பவையும், இருந்தனவா? பாக்டீரியா மட்டும் (வளர்ச்சிக் கன்ட்ரோல்), மீடியா எனப்படும் வளர்ப்பு ஊடகம் மட்டும், கரைப்பானோடு பாக்டீரியா, பாக்டீரியா இல்லாமல் சாறும் மீடியாவும். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் வாய்க் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினை யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது கடைசியாகச் சொன்ன அந்தச் சாறு கன்ட்ரோலைத்தான். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு குழியைப் பார்த்தாலே தீர்ந்துவிடும். தாவரச் சாறு பாட்டிலில் அடைத்து வரும் சுத்தமான மருந்து போன்றது அல்ல. அதற்கு நிறம் உண்டு, புளிப்பு உண்டு, புரதத்தைத் திரளவைக்கும் குணம் உண்டு, இலையோடு ஒட்டிவந்த கிருமிகளும் உண்டு. சாறு தனியாக என்ன செய்கிறது என்று தெரியாமல், பாக்டீரியாவை அது என்ன செய்தது என்று சொல்ல முடியாது.

பெரும்பாலும் பல் சொத்தையோடு தொடர்புடைய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸை வைத்தே எழுதுகிறேன். ஈறு நோய்க் கிருமிகளுக்குத் தனிப் பகுதி பின்னால் இருக்கிறது.

டிஸ்க்கைச் சுற்றி ஸோனே வரவில்லை

பாக்டீரியா பரப்பிய அகாரின் (கூழ் போன்ற மீடியா) மேல் சாறு ஏற்றிய காகித டிஸ்க்கை வைத்தால், அதைச் சுற்றி வளர்ச்சி நின்ற தெளிந்த வளையம்தான் ஸோன். அது வராவிட்டால் சாற்றுக்கு வேலை செய்யும் திறன் இல்லை என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஸோன் வருவதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும்: சாற்றில் உள்ள பொருள் அகாருக்குள் பரவ வேண்டும், பரவிய இடத்தில் பாக்டீரியாவை நிறுத்த வேண்டும். முதல் காரியம் நடக்காவிட்டால் இரண்டாவதைப் பற்றி இந்தச் சோதனை எதுவுமே சொல்லாது. துவர்ப்பைத் தரும் டானின்கள் பெரிய மூலக்கூறுகள், மெதுவாகத்தான் நகரும். ஹெக்சேனில் வடித்த கொழுப்புத் தன்மையுள்ள பொருட்களுக்குத் தண்ணீர் நிறைந்த அகார் பிடிக்காது, டிஸ்க்கிலேயே தங்கிவிடும். டிஸ்க்கை இடுக்கியால் தூக்கிப் பாருங்கள். அதன் அடியில், டிஸ்க்கின் அளவுக்கே ஒரு தெளிந்த வட்டம் இருந்தால் சாறு வேலை செய்கிறது, நகரத்தான் இல்லை. அதை விட்டுவிட்டு பிராத் நீர்த்தல் முறைக்குப் போங்கள், அதாவது பிராத் எனப்படும் திரவ மீடியாவில் சாற்றைப் படிப்படியாக நீர்த்து, சிறு குழிகள் கொண்ட தட்டில் பாக்டீரியாவோடு வைக்கும் முறைக்கு.

அடியிலும் பாக்டீரியா வளர்ந்திருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது மீடியாவை. மியூட்டன்ஸ் வெறும் முல்லர் ஹின்டன் அகாரில் சோகையாகத்தான் வளரும் என்பதால் 5 சதவீத ரத்தம் சேர்ப்பது வழக்கம். பாக்டீரியாவுக்கு அது நல்லது. ஆனால் டானின் நிறைந்த சாற்றை ரத்தத்தில் உள்ள புரதம் பிடித்துக்கொள்ளும். அதே சாற்றை ரத்தம் சேர்க்காத பிரெய்ன் ஹார்ட் இன்ஃப்யூஷன் அகாரில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

அகாரின் கனமும் ஸோனை மாற்றும். 4 மி.மீ. இருக்க வேண்டும், 90 மி.மீ. பிளேட்டுக்கு ஏறக்குறைய 25 மி.லி. பிடிக்கும். கையளவில் ஊற்றினால் ஒரு பிளேட் கனமாகவும் அடுத்தது மெலிதாகவும் போகும், கனமான பிளேட்டில் ஸோன் சுருங்கும். மேசை சமமாக இல்லாவிட்டால் ஒரே பிளேட்டிலேயே ஒரு பக்கம் பெரிய ஸோன், மறுபக்கம் சிறியது.

குழி வெட்டிச் செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அகார் துண்டை எடுக்கும்போது குழியின் விளிம்பு பிளேட்டின் அடிப்பாகத்திலிருந்து எழும்பிவிடும். ஊற்றிய சாறு அகாருக்குள் போகாமல் அதன் கீழே ஓடிவிடும். பிளேட்டைத் திருப்பிப் பார்த்தால், பழுப்புச் சாறு ஒரு பக்கமாக விசிறி போலப் படர்ந்திருப்பது தெரியும். குழியின் அடியில் உருகிய அகார் ஒரு சொட்டு விட்டு அடைத்துவிட்டுச் சாற்றை ஊற்றினால் சரியாகும்.

கரைப்பான் வைத்த டிஸ்க்கிலும் ஸோன்

என் பக்கத்து மேசையில் ஒருவர் கிராம்புச் சாற்றுக்கு 17 மி.மீ. ஸோன் வந்ததாக மூன்று வாரம் எழுதிவைத்திருந்தார். கரைப்பான் டிஸ்க்கை அவர் வைக்கவே இல்லை. வைத்த அன்று அதிலும் 14 மி.மீ. வந்தது. டிஸ்க் காயாமலேயே அகாரில் வைக்கப்பட்டிருந்தது. ஸோனின் பெரும்பகுதி எத்தனாலின் வேலை. அவர் முகம் வாடியதைப் பார்த்தபிறகு நான் யாரிடமும் முதலில் கேட்பது "டிஸ்க் எவ்வளவு நேரம் காய்ந்தது?" என்றுதான்.

எத்தனாலிலோ மெத்தனாலிலோ கரைத்த சாற்றை டிஸ்க்கில் விட்டால், லாமினார் ஹூட்டில் முழுதாகக் காயவிடுங்கள். 6 மி.மீ. டிஸ்க் ஒருமுறைக்கு 10 முதல் 20 மைக்ரோலிட்டர் வரைதான் தாங்கும். கூடுதலாக ஏற்ற வேண்டுமானால் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் காயவைத்து அடுத்ததை விடுங்கள். கரைப்பான் டிஸ்க்கும் அதே அளவு, அதே எண்ணிக்கையில், அதே நேரம் காய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது கன்ட்ரோல்.

டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் லேசில் காயாது. அதை பிராத்தில் பயன்படுத்துங்கள், கடைசி அளவு 1 சதவீதத்தைத் தாண்டாமல். 100 மி.கி./மி.லி. கரைசலை நூறு மடங்கு நீர்த்தால் சாறு 1 மி.கி./மி.லி., டிஎம்எஸ்ஓ 1 சதவீதம் என்று கணக்கு நேராக வரும். இன்னொரு எச்சரிக்கை: டிஎம்எஸ்ஓவில் கரைத்ததை செல்லுலோஸ் அசிடேட் வடிகட்டி வழியாக அனுப்பாதீர்கள். அந்தச் சவ்வையே அது கரைத்துவிடும். வடிகட்டியதாக நினைத்துக்கொண்டு சவ்வுக் கரைசலைச் சோதிப்பீர்கள். டிஎம்எஸ்ஓவைத் தாங்கும் நைலான் வடிகட்டி வேண்டும்.

சாற்றின் ஸோன் குளோர்ஹெக்சிடினைவிடப் பெரிது

இதைப் பிழை என்று யாரும் கொண்டுவருவதில்லை, வெற்றி என்றுதான் கொண்டுவருகிறார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடினில் 10 மைக்ரோலிட்டர் என்பது 20 மைக்ரோகிராம். 100 மி.கி./மி.லி. சாற்றில் அதே 10 மைக்ரோலிட்டர் என்பது 1000 மைக்ரோகிராம். ஐம்பது மடங்கு எடையை வைத்துவிட்டு மில்லிமீட்டரை ஒப்பிடுகிறோம். அதோடு குளோர்ஹெக்சிடின் நேர்மின் சுமை கொண்டது; அகாரில் உள்ள எதிர்மின் கூறுகளோடு ஒட்டிக்கொண்டு தூரம் போகாது. அதன் ஸோன் சிறிதாகத் தெரிவதற்கு அதுவும் காரணம். "குளோர்ஹெக்சிடினைவிடச் சிறந்தது" என்ற வரியை ஸோனை மட்டும் வைத்து எழுத முடியாது. இரண்டு சாறுகளை ஸோன் அளவால் ஒப்பிடுவதும் அப்படியே. ஸோன் என்பது ஆம், இல்லை என்று சொல்லும் முதல் வடிகட்டல், அவ்வளவுதான்.

பாக்டீரியா விரிப்பு திட்டுத்திட்டாக, அல்லது ஒவ்வொரு வாரமும் வேறு அடர்த்தியில்

மியூட்டன்ஸ் சங்கிலியாக வளரும். சுக்ரோஸ் உள்ள பிராத்தில் வளர்த்தால் அது குளுக்கான் பசையை உருவாக்கிக் கட்டியாகிவிடும். அந்தக் கலங்கலை 0.5 மெக்ஃபார்லாந்து என்ற கலங்கல் அளவுக்குச் சரிசெய்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். எண்ணிக்கை தப்பாக இருக்கும். சோதனைக்கு எடுக்கும் வளர்ப்பைச் சுக்ரோஸ் இல்லாமல் வளர்த்து, வோர்டெக்ஸ் கருவியில் நன்றாகக் குலுக்கி, கட்டிகள் அடியில் படியும்வரை சற்று நிறுத்தி, மேலே உள்ளதை எடுங்கள். சரிசெய்தபிறகு 15 நிமிடத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

பிராத் முறையில் குழிக்குள் இருக்க வேண்டியது மி.லி.க்கு 5×10⁵ சிஎஃப்யூ (காலனியாக வளரக்கூடிய பாக்டீரியா எண்ணிக்கை). இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு: வளர்ச்சிக் கன்ட்ரோல் குழியிலிருந்து உடனே 10 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மி.லி. உப்புக் கரைசலில் கலந்து, அதில் 100 மைக்ரோலிட்டரைப் பிளேட்டில் பரப்புங்கள். 50 காலனி அளவில் வந்தால் சரி. ஐநூறு வந்தால் உங்கள் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அடர்த்தி) மேலே போனதற்குச் சாற்றைக் குறை சொல்ல வேண்டாம்.

விரிப்பில் இருப்பது மியூட்டன்ஸ்தானா என்ற சந்தேகம் வந்தால், கண்ணாடிச் சில்லில் ஒரு காலனியைத் தேய்த்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். பெராக்சைடைச் சிதைத்து நுரைக்கவைக்கும் கேட்டலேஸ் நொதி மியூட்டன்ஸுக்குக் கிடையாது. சொட்டு அசையாமல் கிடக்கும். நுரைத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற வேறு ஏதோ புகுந்திருக்கிறது. ரத்த அகாரிலிருந்து காலனியை எடுத்து இதைச் செய்யாதீர்கள், ரத்த அணுக்களில் உள்ள கேட்டலேஸே நுரையைக் கிளப்பிவிடும்.

உமிழ்நீரிலிருந்து நீங்களே பிரித்தெடுத்த கிருமி என்றால் இன்னும் கவனம். பாசிட்ராசின் சேர்த்த மிட்டிஸ் சாலிவேரியஸ் அகாரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சோப்ரினஸும் வளரும். காலனியின் தோற்றத்தை மட்டும் நம்பி மியூட்டன்ஸ் என்று பெயர் வைக்காதீர்கள். ஏடிசிசி 25175 அல்லது யுஏ159 போன்ற தெரிந்த வகை ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிராத் முழுதும் கலங்கிவிட்டது, எம்ஐசி படிக்க முடியவில்லை

அதிகம் பேர் திணறும் இடம் இது. தட்டை எடுத்துப் பார்த்தால் சாறு அதிகமாக உள்ள குழிகள் கலங்கலாகவும், நடுவில் தெளிவாகவும், கடைசியில் மறுபடி கலங்கலாகவும் இருக்கும். சாறு கூடினால் பாக்டீரியா வளர்கிறதோ என்று தோன்றும். பெரும்பாலும் அது பாக்டீரியாவே அல்ல. டானின் பிராத்தில் உள்ள பெப்டோன் என்ற புரதத் துணுக்குகளோடு சேர்ந்து திரிந்துவிட்டது. சாறு மட்டும் உள்ள குழியும் அதே மாதிரி கலங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கதை முடிந்தது.

அப்படியானால் கருவி காட்டும் ஓடி (OD, ஒளி அடர்த்தி) அளவை நம்ப வேண்டாம். சாறு மட்டும் உள்ள குழியின் அளவைக் கழித்தால் நிறத்துக்குச் சரியாகும், திரிவுக்கு முழுதாகச் சரியாகாது. பாக்டீரியா உள்ள குழியில் திரிவு வேறு மாதிரி படியலாம். நம்பக்கூடிய வழி, ஒவ்வொரு குழியிலிருந்தும் எடுத்து அகாரில் புள்ளி வைத்து வளர்கிறதா என்று பார்ப்பது. கூடுதல் வேலைதான். ஆனால் பழுப்புச் சாற்றுக்கு வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

சாற்றை முதலிலேயே சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளிவை மட்டும் எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம். ஆனால் வண்டலோடு சேர்ந்து செயல்படும் பொருளும் போயிருக்கும், எடையும் மாறியிருக்கும். தெளிவைக் காயவைத்து மறுபடி எடை போட்டு, அந்த எடையிலிருந்தே மி.கி. கணக்கைத் தொடங்குங்கள்.

எந்த அளவில் நிறுத்துவது என்றும் கேட்கிறார்கள். 50 மி.கி./மி.லி.யில் தடுத்தது என்று எழுதும் கட்டுரைகள் நிறைய உண்டு. அந்த அடர்த்தியில் குழிக்குள் இருப்பது கிட்டத்தட்டக் கஷாயம். 2005ல் ரியோஸ், ரெசியோ இருவரும் சாற்றுக்கு 1 மி.கி./மி.லி., தனிப் பொருளுக்கு 0.1 மி.கி./மி.லி. என்ற எல்லைகளுக்கு மேல் சோதிப்பதைத் தவிர்க்கச் சொன்னார்கள். நான் அதையே பிடித்துக்கொள்கிறேன்.

ரெசாசுரின் தவறான நிறம் காட்டுகிறது

ரெசாசுரின் என்பது பாக்டீரியா உயிரோடு வளர்கிறதா என்று நிறத்தால் காட்டும் சாயம். நீலம் என்றால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பு என்றால் வளர்ச்சி. இதில் இரண்டு கோளாறு வரும். பாலிஃபீனால் நிறைந்த சாறு பாக்டீரியா இல்லாமலேயே சாயத்தை ஒடுக்கி இளஞ்சிவப்பாக்கிவிடும். சாறு கன்ட்ரோல் அதைக் காட்டிக்கொடுக்கும். எம்டிடி சாயத்திலும் இதே தொல்லை. இரண்டாவது, நன்றாக வளர்ந்த குழியில் சாயம் இளஞ்சிவப்பையும் தாண்டி நிறமற்றுப் போகும். நிறம் இல்லாத அந்தக் குழியை "சாறு கொன்றுவிட்டது" என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. சாயம் விட்டபிறகு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை பார்த்து, வளர்ச்சிக் கன்ட்ரோல் சிவந்தவுடன் படித்துவிடுங்கள். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் படிக்காதீர்கள்.

மஞ்சளிலிருந்து வரும் குர்குமினுக்கு இந்தச் சாய முறைகளே வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குச் சொந்த நிறம் உண்டு, ஒளிர்வும் உண்டு, நடுநிலை பிஎச்சில் நிலைக்காமல் சிதைகிறது. காலனி எண்ணிக்கை ஒன்றே வழி.

எல்லாவற்றையும் கொல்கிறது, அதுவும் மிகக் குறைந்த அளவில்

சந்தோஷப்படுவதற்கு முன் பிஎச் தாளை எடுங்கள். சாறு சேர்த்த பிராத்தின் பிஎச் 4 அல்லது 5 என்றால், நீங்கள் சோதித்தது பெரும்பாலும் அமிலத்தை. சாற்றை 7க்குக் கொண்டுவந்து மறுபடி வையுங்கள். அதே பிஎச்சுக்குப் புளிப்பாக்கிய வெறும் பிராத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்தது பலர் பார்க்காதது. கிரீன் டீயில் உள்ள கேட்டெகின் போன்ற பாலிஃபீனால்கள் மீடியாவில் காற்றோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். மேலே சொன்னபடி மியூட்டன்ஸுக்குக் கேட்டலேஸ் இல்லை, அதைத் தாங்கும் சக்தி குறைவு. குழியில் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து ஒரு வரிசை, கொதிக்கவைத்துச் செயலிழந்த கேட்டலேஸ் சேர்த்து ஒரு வரிசை. முதல் வரிசையில் மட்டும் தடுப்பு காணாமல் போனால், வேலை செய்தது சாறு அல்ல, பெராக்சைடு. எச்சில் கேட்டலேஸும் பெராக்சிடேஸும் கொண்டது. குழியில் நடந்தது வாயில் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நடுவில் ஒரு குழி மட்டும் வளர்ந்திருக்கிறது, அல்லது ஓரக் குழிகள் விசித்திரமாக

ஒரு குழி தாண்டி வளர்ந்தால் பிப்பெட் பிழை அல்லது தொற்று. அந்தத் தட்டை மறுபடி செய்யுங்கள். ஓரக் குழிகளில் நீர் ஆவியாகும், அங்கே தண்ணீர் மட்டும் ஊற்றிவிடுங்கள்.

அதிகக் கவனம் வேண்டியது எண்ணெய்களுக்கு. கிராம்பு எண்ணெய், தைம் எண்ணெய் எல்லாம் ஆவியாகிப் பக்கத்துக் குழிக்குள் போகும். சாறு இல்லாத வளர்ச்சிக் கன்ட்ரோல் எண்ணெய்க் குழிக்கு அருகில் இருக்கும்போது வளராமல், தொலைவில் இருக்கும்போது வளர்ந்தால் இதுதான் காரணம். ஒட்டும் படலத்தால் தட்டை மூடுங்கள், வெவ்வேறு எண்ணெய்களை வெவ்வேறு தட்டில் வையுங்கள். எண்ணெய் மேலே மிதந்தால், எண்ணெயைத் தண்ணீரில் கலக்கவைக்கும் ட்வீன் 80 சிறிதளவு சேர்த்துக் கலக்கலாம்; ட்வீனுக்கும் ஒரு கன்ட்ரோல் வேண்டும்.

சாறே கிருமியோடு வருகிறது

சாறு கன்ட்ரோலில் மெல்லிய ஆடை படிந்தால், அல்லது அகாரில் சாறு விட்ட இடத்திலேயே சொரசொரப்பான வெண்காலனி வந்தால், இலையோடு வந்த பாசில்லஸ் கிருமியின் ஸ்போர்களாக (கெட்டியான உறைநிலை வித்துகள்) இருக்கும். 70 சதவீத எத்தனால் அவற்றைக் கொல்லாது. 0.22 மைக்ரான் வடிகட்டிதான் வழி. ஆட்டோகிளேவ் வேண்டாம்: ஆவியாகும் பொருள் போய்விடும், வெப்பம் தாங்காதது சிதைந்துவிடும்.

போன மாதம் வேலை செய்தது, இந்த மாதம் இல்லை

முதலில் எம்ஐசி எத்தனை படி மாறியது என்று பாருங்கள். இரு மடங்காக நீர்த்துச் செய்யும் முறையில் ஒரு படி முன்பின் வருவது இயல்பு. 0.25 வந்தது 0.5 ஆனால் எதுவும் நடக்கவில்லை. நான்கு படி நகர்ந்தால்தான் தேட வேண்டும்.

தேடும்போது சாற்றின் பாட்டிலைப் பாருங்கள். அறை வெளிச்சத்தில் நின்றதா, திரும்பத் திரும்ப உறைந்து உருகியதா? சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, இருட்டில், மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் ஒரு குப்பியை ஒரே முறை திறந்தால் போதும். அதைவிட முக்கியம் இலை. வேறு பருவத்தில் பறித்த இலை வேறு சாறு. இரண்டாம் முறை வடித்ததற்கு முதல் முறையின் பெயரையே வைத்தால் இந்தப் புதிர் ஒருநாளும் அவிழாது. ஒவ்வொரு வடிப்புக்கும் தனி எண், தேதி, கிடைத்த எடை எழுதுங்கள்.

மூன்று குழி என்பது மூன்று சோதனை அல்ல. ஒரே வளர்ப்பு, ஒரே நாள், ஒரே கை. வெவ்வேறு நாளில் புதிதாக வளர்த்த பாக்டீரியாவோடு மூன்று முறை செய்தபிறகுதான் சராசரி போடுங்கள்.

எம்ஐசி நன்றாக இருக்கிறது, பயோஃபிலிம் அசையவில்லை

பயோஃபிலிம் என்பது பரப்பில் ஒட்டிப் படியும் பாக்டீரியாப் படலம். பெரும்பாலும் இது பிழை அல்ல, உண்மை. பல்லில் இருப்பது மிதக்கும் பாக்டீரியா அல்ல. குளுக்கான் பசைக்குள் புதைந்திருப்பது. அதற்குப் பல மடங்கு அடர்த்தி தேவைப்படும்.

கன்ட்ரோலிலேயே பயோஃபிலிம் மெலிதாக இருந்தால்தான் அது பிழை. 1 சதவீத சுக்ரோஸ் சேர்த்தீர்களா? கழுவும்போது பிப்பெட்டை நேராகக் குழியின் அடியில் பீய்ச்சினால் படலம் தோல் போல உரிந்து வரும். சுவரோரமாக மெதுவாக விடுங்கள். படிக ஊதா எனப்படும் கிரிஸ்டல் வயலட் 0.1 சதவீதம் போதும், 30 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து எடுக்கலாம். ஆனால் டானின் குழியின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு சாயத்தையும் பிடிக்கும். சாயம் உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்துச் சொல்லாது. படலத்தைச் சுரண்டி எண்ணியும் பாருங்கள்.

போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் வளரவே இல்லை

இது காற்றைத் தாங்காத ஈறு நோய்க் கிருமி. ஹீமினும் வைட்டமின் கேயும் இல்லாமல் வளராது: மி.லி.க்கு 5 மைக்ரோகிராம் ஹீமின், 1 மைக்ரோகிராம் வைட்டமின் கே என்பது வழக்கமான அளவு. மீடியாவை முந்தின நாளே காற்றில்லா ஜாடிக்குள் வைத்து ஆக்சிஜனை வெளியேற்றிவிடுங்கள். ரத்த அகாரில் கறுப்புக் காலனி வர ஒரு வாரம் ஆகலாம், இரண்டாம் நாளே தூக்கிப் போடாதீர்கள். ஜாடிக்குள் ரெசாசுரின் தானாகவே நிறமிழக்கும் என்பதால் உயிர்ச்சோதனைச் சாயமாக அது இங்கே உதவாது.

24 மணி நேரத்தில் கொல்கிறது, ஒரு நிமிடத்தில் ஒன்றுமில்லை

வாய் கொப்பளிப்பது அரை நிமிடம், ஒரு நிமிடம். எம்ஐசி குழியில் சாறும் பாக்டீரியாவும் ஒரு நாள் முழுதும் சேர்ந்திருக்கும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். கொப்பளிக்கும் திரவத்துக்காகச் சோதிக்கிறீர்கள் என்றால் 30 விநாடி, 1 நிமிடம், 5 நிமிடம் என்று எடுத்து எண்ண வேண்டும், 99.9 சதவீதம், அதாவது மூன்று லாக் குறைந்தால்தான் கொல்கிறது என்று எழுதலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. எடுத்த துளியோடு சாறும் பிளேட்டுக்கு வந்துவிடும், அங்கே தொடர்ந்து தடுக்கும். ஒரு நிமிடத்தில் செத்ததாகத் தோன்றும். லெசித்தினும் ட்வீன் 80ம் சேர்ந்த நடுநிலையாக்கியில் முதலில் விடுங்கள். குளோர்ஹெக்சிடினுக்கு அது கட்டாயம். உங்கள் சாற்றையும் அது நிறுத்துகிறதா என்று தெரிய, நடுநிலையாக்கியில் சாற்றைக் கலந்து அதன்மேல் புதிய பாக்டீரியாவை எண்ணி விடுங்கள். விட்ட எண்ணிக்கையே பிளேட்டில் திரும்ப வந்தால் ஒரு நிமிடத்து எண்ணை நம்பலாம். வராவிட்டால் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்து, எந்த நீர்ப்பில் அது திரும்ப வருகிறதோ அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள்.